நாள் தள்ளிப்போவதற்கு முந்தைய வாரம்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, மழைக்காலம் வந்தால் பிளேட்லெட் கவுண்ட் என்று ஓடுகிற வேலைக்கு நடுவில், கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனுக்கான பீட்டா ஹெச்.சி.ஜி. டெஸ்ட் சீட்டோடு வருகிறவர்களை வாசலில் பார்க்கும்போதே தெரிந்துவிடும். கூட ஒரு மாமியாரோ அம்மாவோ இருப்பார். அல்லது யாருமே இருக்க மாட்டார்கள். வீட்டில் சொல்லாமல் வந்திருப்பார்கள், ரிப்போர்ட்டை எந்த நம்பருக்கு அனுப்பக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

டெஸ்ட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மஞ்சள் மூடி போட்ட ஜெல் ட்யூபில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் கீழே சிவப்பு, நடுவில் ஜெல், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த சீரம். அதை மெஷினுக்குள் வைத்தால் இரண்டு ஆண்டிபாடிகள் அந்த ஹார்மோனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடிபட்டதோ அவ்வளவு ஒளி வரும், மெஷின் அந்த ஒளியை எண்ணாக மாற்றித் தரும். 5-க்குக் கீழே என்றால் இல்லை. 25-ஐத் தாண்டினால் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி வரச் சொல்வோம். அந்த 48 மணி நேரத்தை யாருக்கும் விரோதிக்குக்கூட கொடுக்கக் கூடாது, அது வேறு விஷயம்.

இத்தனை காலமாக அந்த எண்ணை அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒரு ஆசை வந்தது: இது உண்மையில் என்ன, யார் யாருக்கு அனுப்புவது என்று ஒழுங்காகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று. படித்ததை எழுதி வைக்கிறேன். நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்று. அந்த ஹார்மோனைக் கரு அனுப்புவது நமக்காக அல்ல, அம்மாவின் ஓவரிக்கு. மாத நடுவில் முட்டை வெளியே வந்ததும், அது இருந்த பை ஓவரியிலேயே மஞ்சள் நிறக் கட்டியாக மாறும், கார்ப்பஸ் லூட்டியம் என்பார்கள். புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது அதுதான், கருப்பையின் உள்படலத்தை, டாக்டர்கள் ‘லைனிங்’ என்பார்களே அதை, உரியாமல் நிறுத்தி வைத்திருப்பது அந்தப் புரோஜெஸ்டிரோன்தான். ஆனால் இந்தக் கட்டிக்கு ஆயுள் சுமார் இரண்டு வாரம். அதற்குள் வேறு உத்தரவு வராவிட்டால் சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், லைனிங் உரிந்து மாதவிடாயாக வெளியேறிவிடும். கரு கருவான முதல் ஐந்தாறு நாள் கருக்குழாயிலும் கருப்பைக்குள்ளும் மிதந்துகொண்டே கழிந்துபோகிறது. அப்புறம்தான் ஒட்டவே ஆரம்பிக்கிறது. ஆக அதற்குக் கையில் இருப்பது ஒரு சில நாட்கள். அதற்குள் ஹெச்.சி.ஜி.யைச் சுரந்து அம்மாவின் ரத்தத்தில் விட்டு, அது ஓவரி வரை போய்ச் சேர்ந்து, “நான் இருக்கிறேன், நிறுத்திவிடாதே” என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அம்மாவின் உடம்புக்கு வழக்கமான மாதம்தான்.

இந்தத் தகவல் வேலை செய்வதற்குக் காரணம், ஹெச்.சி.ஜி. பார்ப்பதற்கு எல்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோன் மாதிரியே இருப்பது. முட்டையை வெளியே வரவைக்க மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது அந்த எல்.ஹெச். செல்லின் மேல் இருந்து இவற்றைப் பிடித்துக்கொள்கிற ஏற்பி இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால் அந்த ஏற்பி உள்ள யார் வேண்டுமானாலும் இந்தத் தகவலைப் படித்துவிடலாம், தவளை உட்பட. 1927-ல் பெர்லினில் அஷ்ஹைமும் ட்சோண்டெக்கும் பெண்ணின் சிறுநீரை வளராத சுண்டெலிக்கு ஊசி போட்டு, அப்புறம் அதை அறுத்து ஓவரியைப் பார்த்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 1930-களில் ஆப்பிரிக்கத் தவளை வந்தது. ஊசி போட்டு வைத்தால் மறுநாள் முட்டையிட்டிருக்கும், தவளையைக் கொல்ல வேண்டியதில்லை, மறுபடி உபயோகிக்கலாம். எங்கோ ஒரு பெண்ணின் வயிற்றில் இருக்கிற கரு அவளுடைய ஓவரிக்கு எழுதியதைத் தவளையின் ஓவரி படித்துவிட்டு முட்டையிட்டிருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் என் மெஷின் நிற்கிறது.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐ.வி.எஃப். (லேபில் கரு உண்டாக்கிக் கருப்பையில் வைக்கிற சிகிச்சை) செய்துகொண்டு வருகிறவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். உறைய வைத்த கருவை, மாத்திரையால் லைனிங்கை வளர்த்து உள்ளே வைக்கும் முறையில், அந்த மாதம் முட்டையே வெளியே வந்திருக்காது. முட்டை வராததால் கார்ப்பஸ் லூட்டியமும் கிடையாது. கரு அங்கே ஒழுங்காக ஹெச்.சி.ஜி. அனுப்பினாலும் கேட்பதற்கு ஓவரியில் ஆள் இல்லை. அதனால்தான் புரோஜெஸ்டிரோன் மாத்திரையையும் இடுப்பில் போடுகிற அந்த எண்ணெய் ஊசியையும், பாசிட்டிவ் வந்த பிறகும் விடாமல் போடச் சொல்கிறார்கள். நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்குகிறவரை அந்த ஊசிதான் கார்ப்பஸ் லூட்டியம். 1970-களில் சாபோ என்ற ஆய்வாளர் காட்டியது இது: ஏழாவது வாரத்துக்கு முன் அந்தக் கட்டியை எடுத்தால் கரு கலைந்துவிடுகிறது, ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. “பாசிட்டிவ் ஆயாச்சு, இனி எதுக்கு ஊசி?” என்று கேட்டு நிறுத்துகிற வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சரி, நெகட்டிவ் வந்தவர்களிடம் வருகிறேன். எங்கள் பெஞ்சில் கேட்கிற பேச்சு கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். “மார்த்தாண்டம் வரைக்கும் ஆட்டோவில போனேன், அதுலயாக்கும் போயிருக்கும்.” “எல்லாரும் சொன்னதுதான், படியேறப்பிடாதுன்னு. நான் கேக்கல்ல.” ஒருத்திக்குப் பப்பாளி, ஒருத்திக்குச் சக்கை (பலாப்பழம்), ஒருத்திக்கு நாகராஜா கோவிலில் பால் ஊற்றாமல் விட்டது. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கும்: “எனக்க உடம்புதான் ஏத்துக்கல்ல அக்கா.” மாமியார் வாய் திறந்தால் அது இன்னும் பச்சையாக வரும், விதை நல்ல விதைதான், நிலம்தான் சரியில்லை என்று.

எனக்கு இந்த விதை, நிலம் கதையில்தான் கோபம். நம் ஊரில் இது பழைய கதை, வயலும் தோப்பும் உள்ள எல்லா ஊரிலும் இருக்கும். ஆனால் கருப்பையில் நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிலம் விதையைத் தேர்ந்தெடுக்காது. கருப்பை தேர்ந்தெடுக்கும்.

ஒட்டிக்கொள்கிற குணம் உண்மையில் கருவுடையது. பிளாஸ்டோசிஸ்ட் என்கிற அந்த ஐந்தாம் நாள் உருண்டையின் வெளிச்சுவர் செல்களுக்கு ட்ரோபோபிளாஸ்ட் என்று பெயர், அது எங்கே விட்டாலும் ஒட்டும். கருக்குழாயில் ஒட்டும், ஓவரியில் ஒட்டும், அபூர்வமாகக் குடலைப் போர்த்திய சவ்வில்கூட ஒட்டி வளர்ந்திருக்கிறது. ஒட்ட விடாமல் தடுக்கத் தெரிந்த இடம் கருப்பை. மாதத்தில் பெரும்பாலான நாள் அதன் உள்மேற்பரப்பு மியூசின் என்கிற வழவழப்பான சர்க்கரைப் புரதங்களால் மூடியிருக்கும், கரு வந்தாலும் வழுக்கிவிடும். முட்டை வெளிவந்து சுமார் ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை மட்டும், முதலில் ஈஸ்ட்ரோஜன் வளர்த்துவைத்த லைனிங்கைப் புரோஜெஸ்டிரோன் மாற்றி அமைத்து, ஒரு சின்ன ஜன்னலைத் திறக்கிறது. மேற்பரப்புச் செல்களில் இன்டெக்ரின் என்ற பிடிமானப் புரதங்கள் வருகின்றன. சுரப்பிகள் ஒரு திரவத்தைச் சுரந்து உள்ளே நிரப்புகின்றன. கரு முதல் மூன்று மாதத்தில் பெரும்பாலும் உண்பது இந்தச் சுரப்பைத்தான். அம்மாவின் ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் முழுதாகப் பாய ஆரம்பிப்பது பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும்போதுதான்.

இந்தத் திறந்திருக்கும் சில நாட்களில் இரண்டு பக்கமும் மாறி மாறி மூலக்கூறுகளை விட்டுக்கொள்கின்றன. இதைக் கண்டுபிடித்த சோதனைகள் சில ரொம்ப அழகானவை, எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன், மனசில் நின்றதை மட்டும்.

1992-ல் காலின் ஸ்டூவர்ட் குழு ‘லிஃப்’ என்ற ஒரு சிக்னல் புரதத்தின் மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. அந்தப் பெண் எலிகளுக்குக் கரு உண்டானது, பிளாஸ்டோசிஸ்ட் வரை நன்றாக வளர்ந்தது, ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. கரு கெட்டதா, கருப்பை கெட்டதா? அந்தக் கருக்களை எடுத்துச் சாதாரண எலியின் கருப்பையில் வைத்தார்கள், ஒட்டிக் குட்டியாகப் பிறந்தன. நல்ல கருவை லிஃப் இல்லாத எலியில் வைத்தார்கள், ஒட்டவில்லை. கருப்பைச் சுரப்பிகள் குறிப்பிட்ட நாளில் விடுகிற அந்த ஒரே ஒரு புரதம் இல்லாவிட்டால் போதும், எல்லாம் நின்றுவிடுகிறது. இதைப் படித்துவிட்டு ‘அப்போ நிலம்தானே’ என்று யாராவது சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள்.

1994-ல் அமெரிக்காவில் வேலை செய்த சுதான்சு டேயின் குழு இன்னொன்றைப் பார்த்தது. ஹெச்.பி.-ஈ.ஜி.எஃப். என்று ஒரு வளர்ச்சிக் காரணி. சுண்டெலியின் கருப்பைக்குள் அது எங்கே சுரக்கிறது என்று பார்த்தால், கரு மிதந்துகொண்டிருக்கிற இடத்துக்கு நேரே உள்ள செல்களில் மட்டும், ஒட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே. பக்கத்து இடத்தில் இல்லை. அதாவது இன்னும் தொட்டு ஒட்டவே இல்லை, ஆனால் கரு இங்கே இருக்கிறது என்று அந்த இடத்துக்குத் தெரிந்துவிட்டது. 2001-ல் அதே குழு இன்னும் ஒரு படி போனது. கரு அளவுக்கு உள்ள, பாசிமணி மாதிரி ஒரு சின்ன மணியை அந்தக் காரணியில் ஊறவைத்துக் கருப்பைக்குள் விட்டார்கள். கருப்பை அந்த மணியைக் கரு என்று நினைத்து, அந்த இடத்தில் ரத்தக் குழாய்களைக் கசியவிட்டு, செல்களைத் தடிக்கவைத்து, தன் பங்கு வேலைகளை ஆரம்பித்துவிட்டது. உயிர் இல்லாத மணி. சரியான மூலக்கூறு அதன்மேல் இருந்தது, அவ்வளவுதான்.

மனிதரிடம் இப்படியெல்லாம் செய்து பார்க்க முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் 2003-ல் ஒரு நல்ல விஷயம் வந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, காயம் பட்ட இடத்தில் நிற்பதற்கு எல்-செலக்டின் என்ற புரதத்தால் குழாயின் சுவரைத் தொட்டுத் தொட்டு, உருண்டு, வேகம் குறைத்து நிற்கும். மனிதக் கருவின் வெளிச்சுவரிலும் அதே எல்-செலக்டின் இருக்கிறது, அந்தச் சில நாட்களில் கருப்பையின் மேற்பரப்பில் அதற்கு ஏற்ற சர்க்கரைகள் கூடுகின்றன. கண்டுபிடித்தவர்கள் சூசன் ஃபிஷரின் குழு. நான் நாள் முழுக்க வெள்ளணுக்களை எண்ணுகிறவள், அதனால் இதைப் படித்த அன்று ஸ்லைடைப் பார்க்கிற பார்வையே கொஞ்சம் மாறிவிட்டது.

இப்போது விஷயத்தின் கனமான பகுதி. கரு ஒட்டிய பிறகு லைனிங்கின் அடிச் செல்கள் பருத்து, சத்துச் சேர்த்து, டெசிடுவா என்ற புதுத் திசுவாக மாறுகின்றன. பெரும்பாலான பாலூட்டிகளில் கரு வந்து தொட்ட பிறகுதான் இந்த மாற்றம் நடக்கும். நம்மிடமும், மாதவிடாய் வருகிற மற்றச் சில விலங்குகளிடமும் மட்டும் கரு வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் கருப்பை இதைத் தானே முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறது. ஏன் இந்த வீண் செலவு என்று தோன்றும். மனிதக் கருவைப் பற்றித் தெரிந்தால் தோன்றாது. மனிதக் கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை தப்பிப்போனவை மிக அதிகம், வயது கூடக் கூட இன்னும் அதிகம். அப்படிப்பட்ட கருவும் ஒட்டத்தான் முயற்சி செய்யும், ட்ரோபோபிளாஸ்டுக்கு ஒட்டுவது ஒன்றுதானே தெரியும். ஒன்பது மாதம் சுமக்க வேண்டிய உடம்பு எதை உள்ளே விடுவது என்று பார்த்தாக வேண்டும்.

பார்க்கிறது என்பதற்கு ஆதாரம் 2010-ல் வந்தது. டெசிடுவாவாக மாறிய மனிதச் செல்களை லேபில் வளர்த்து, அவற்றோடு கருக்களை வைத்தார்கள். நன்றாக வளர்கிற கரு பக்கத்தில் இருந்தபோது செல்களின் சுரப்பில் பெரிய மாற்றமில்லை. வளர்ச்சி நின்றுபோன கரு பக்கத்தில் இருந்தபோது, ஒட்டுதலுக்குத் துணைபோகிற பல சிக்னல்களின் சுரப்பை அந்தச் செல்கள் அடக்கிவிட்டன. மேலே சொன்ன ஹெச்.பி.-ஈ.ஜி.எஃப்.பும் அதில் ஒன்று. அதாவது இது சரியில்லை என்று அந்தச் செல்கள் உணர்ந்து, துணை செய்வதை நிறுத்திக்கொண்டன. யான் புரோசென்ஸ், நிக் மேக்லன் போன்றவர்கள் இந்தத் திசையில் தொடர்ந்து வேலை செய்தவர்கள்.

இதை அடுத்து வந்த ஆய்வுதான் என்னை உட்காரவைத்தது. 2012-ல், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு ஆகிற பெண்களின் லைனிங் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். மற்றப் பெண்களின் செல்கள் நல்ல கருவை நோக்கி நகர்ந்தன, கெட்ட கருவை நோக்கி நகரவில்லை. இவர்களின் செல்களோ நல்லது கெட்டது என்று பார்க்காமல் இரண்டையும் நோக்கி நகர்ந்தன. யோசித்துப் பாருங்கள், ‘அவளுக்குக் கரு நிற்காது’ என்று ஊர் பெயர் வைக்கிற பெண்களில் சிலருக்காவது கருப்பை ஏற்றுக்கொள்ளாதது பிரச்சினை இல்லை. எதையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது, அதனால் நிற்காத கருவெல்லாம் ஒட்டி, நாள் தள்ளி, டெஸ்ட் பாசிட்டிவ் ஆகி, அப்புறம் கலைகிறது. மற்றவர்களுக்கு அதே மாதிரிக் கரு வந்து போனதே தெரியாமல் அந்த மாதம் கடந்திருக்கும்.

எவ்வளவு பேருக்குத் தெரியாமல் கடக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் கர்ப்பத்துக்கு முயற்சி செய்துகொண்டிருந்த 221 பெண்கள் தினமும் காலைச் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்தார்கள், ஆலன் வில்காக்ஸ் குழு அதில் ஹெச்.சி.ஜி. எப்போது தலைகாட்டுகிறது என்று பார்த்தது. ஒட்டிய கருக்களில் 31 சதவீதம் கலைந்தன, அதில் பெரும்பகுதி யாருக்கும் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே. 1999-ல் அவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரையில் வருவது இன்னும் சுவாரசியம்: நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம், முட்டை வெளிவந்து 8, 9, 10-ஆம் நாட்களில் ஒட்டியவை. ஒன்பதாம் நாளுக்குள் ஒட்டியவற்றில் 13 சதவீதம் சீக்கிரமே கலைந்தன. பத்தாம் நாள் 26. பதினோராம் நாள் 52. அதற்கும் பிந்தியவற்றில் 82. தாமதமாகப் பேச ஆரம்பிக்கிற கரு பெரும்பாலும் தடுமாறுகிற கரு. ஆட்டோவும் படிக்கட்டும் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

கொஞ்சம் மாட்டைப் பற்றிப் பேசுகிறேன். அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போவதோடு மாடும் வளர்த்தார். சினை ஊசி போட்டுவிட்டு வந்தால் வீட்டில் எல்லோரும் 21-ஆம் நாளைப் பார்த்திருப்போம், அன்றைக்கு மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தவில்லை என்றால் சினை நின்றுவிட்டது. அந்தக் கத்தாமைக்குப் பின்னால் இருப்பதும் இதே சமாசாரம்தான், மூலக்கூறு மட்டும் வேறே. மாட்டில் கார்ப்பஸ் லூட்டியத்தைக் கொல்வது கருப்பையே. அது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒன்றை அனுப்பி அந்தக் கட்டியைக் கரைக்கும். மாட்டுக் கருவோ இன்னும் ஒட்டாமலே, இரண்டு வாரம் கழிந்தபோது உருண்டையிலிருந்து நூலாக நீண்டு, சாண் அளவுக்குக் கருப்பைக்குள் படர்ந்து, இன்டர்ஃபெரான்-டௌ என்ற புரதத்தை விட்டுக் கருப்பையின் அந்தக் கொலையாயுதத்தை நிறுத்துகிறது. வைரஸ் வந்தால் உடம்பு சுரக்கிற குடும்பத்தைச் சேர்ந்த புரதம் அது, மாடும் ஆடும் அதைக் கர்ப்பம் சொல்ல எடுத்துக்கொண்டன. பன்றிக் கரு ஈஸ்ட்ரோஜனை விடுகிறது. குதிரைக் கரு கிட்டத்தட்ட பதினாறாம் நாள் வரை கருப்பையின் கொம்பு மாதிரி நீண்ட இரண்டு கிளைகளில் இதற்கும் அதற்குமாக உருண்டு திரிந்து எல்லா இடத்திலும் ஆஜர் சொல்கிறது, அது என்ன மூலக்கூறால் சொல்கிறது என்று இன்னும் யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐரோப்பாவில் ரோ என்கிற சின்ன மான், கோடையில் கருத்தரித்து ஐந்து மாதம்போல அந்தக் கருவை ஒட்டாமல் அப்படியே நிறுத்தி வைத்திருந்து, குளிர்காலம் பாதி போனதும் வளரவிடும். ஒட்டுவது எப்போது என்பதை அங்கேயும் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்கிறார்கள்.

இனி காசு விஷயம். என் மைனி திருவனந்தபுரத்தில் ஒரு இடத்தில் ஐ.வி.எஃப். செய்தாள், இடத்தின் பெயர் வேண்டாம். முதல் தடவை நிற்கவில்லை. அடுத்த தடவைக்கு முன்னால் ‘லைனிங்கைக் கொஞ்சம் சுரண்டிவிட்டால் நன்றாக ஒட்டும்’ என்று தனி பில் போட்டுச் சுரண்டினார்கள். வலியில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். இந்தச் சுரண்டலுக்குப் பின்னால் ஒரு பழைய அறிவியல் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். 1900-களின் தொடக்கத்திலேயே லியோ லோப் கினிப்பன்றியின் கருப்பையைக் கீறினால் அந்த இடம் டெசிடுவா மாதிரித் தடிப்பதைப் பார்த்தவர். 2003-ல் ஒரு சிறு ஆய்வு சுரண்டலுக்குப் பிறகு கர்ப்பம் கூடியதாகச் சொன்னது. உலகம் முழுக்கச் சுரண்ட ஆரம்பித்தார்கள். 2019-ல் 1,364 பெண்களை வைத்து ஒழுங்காகச் சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனை வந்தது: சுரண்டியவர்களில் குழந்தை பிறந்தது 26.1 சதவீதம், சுரண்டாதவர்களில் 26.1 சதவீதம். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கூட மாறவில்லை.

இதே கதைதான் லைனிங்கின் மரபணுக்களைப் பார்த்து ‘உங்கள் ஜன்னல் பன்னிரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிறது’ என்று சொல்கிற அந்த விலையுயர்ந்த டெஸ்ட்டுக்கும். கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும், நான் மேலே எழுதியதெல்லாம் படித்தால் இன்னும் நியாயமாக இருக்கும். 2022-ல் வந்த பெரிய சோதனையில், அந்த டெஸ்ட் சொன்ன நேரத்தில் கருவை வைத்தவர்களில் 58.5 சதவீதத்துக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதத்துக்கும் குழந்தை பிறந்தது. டெஸ்ட்டால் பலன் இல்லை. கரு வைத்த பிறகு படுத்தே கிடப்பதிலும் பலன் இல்லை என்று பல சோதனைகள் சொல்லிவிட்டன. மைனியை இரண்டாம் தடவை அசையப்பிடாது என்று கட்டிலிலேயே வைத்திருந்தார்கள், சோறு உட்பட அங்கேதான். கரு கருப்பையின் இரண்டு சுவருக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. அது விழுவதற்கு அங்கே காலியிடமே கிடையாது.

ஒரு மூலக்கூறின் பெயரைத் தெரிந்துகொண்டோம் என்பதற்காக அதை விலைக்கு விற்க முடியும் என்று ஆகிவிடாது. லிஃப் இல்லாத எலிக்கு லிஃப் கொடுத்தால் கரு ஒட்டியது. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் உதவவில்லை. அங்கே ஒரு சிக்னல் போய் ஒரு சிக்னல் வருகிற எளிய விஷயமாக இல்லை. பத்து இருபது சிக்னல்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன, ஒன்று குறைந்தால் இன்னொன்று ஈடுகட்டுகிறது. இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற தம்பதியிடம் சொன்னால் கேட்க மாட்டார்கள், ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் இருக்கும். அந்த அவசரத்தில்தான் பில் போடுகிறார்கள்.

மனிதக் கருப்பையில் இந்த முதல் நாட்கள் எப்படி இருக்கும் என்று நமக்கு முதன்முதலில் தெரிந்த விதமும் சங்கடமானதுதான். 1938-லிருந்து பாஸ்டனில் ஜான் ராக், ஆர்தர் ஹெர்ட்டிக் என்ற இரண்டு டாக்டர்கள், வேறு நோய்க்காகக் கருப்பையை எடுக்க வேண்டியிருந்த பெண்களிடம், அறுவைக்கு முன் எப்போது உறவு கொண்டார்கள் என்று குறித்து வைக்கச் சொல்லி, எடுத்த கருப்பைக்குள் கருவைத் தேடினார்கள். 210 பெண்கள், 34 கருக்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ச்சி சரியில்லாதவை. பாடப்புத்தகங்களில் ஏழாம் நாள், ஒன்பதாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று வருகிற படங்களில் பல இங்கிருந்து வந்தவை. அந்தப் பெண்களிடம் எந்த அளவுக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. இப்போது ஸ்டெம் செல்லிலிருந்து கரு மாதிரியே ஒன்றை உருவாக்கி லேபில் வளர்த்த லைனிங் செல்களின் மேல் விடுகிறார்கள். 2022-ல் நிக்கோலா ரிவ்ரான் குழு செய்ததில், ஹார்மோன் கொடுத்துத் தயாராக்கிய லைனிங்கில் மட்டும் அது ஒட்டியது, தயாராக்காததில் ஒட்டவில்லை. ஒட்டியதும் மனிதக் கரு எந்தப் பக்கத்தால் ஒட்டுமோ அந்தப் பக்கத்தால்தான்.

கடைசியாக, கவுன்டரில் நான் தினமும் சொல்லவேண்டியிருக்கிற இரண்டு விஷயம். ஐ.வி.எஃப்.பில் முட்டை எடுப்பதற்கு முன் போடுகிற ஊசியிலும் பெரும்பாலும் இதே ஹெச்.சி.ஜி.தான் இருக்கும். அது ரத்தத்தை விட்டுப் போகப் பத்து நாளுக்கு மேல்கூட ஆகலாம். ஆசை தாங்காமல் டாக்டர் எழுதிக்கொடுத்த தேதிக்கு முன்னாலேயே வந்து டெஸ்ட் எடுத்தால், மெஷின் காட்டுவது ஊசியின் ஹெச்.சி.ஜி.யாக இருக்கும். தேதியைப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, அந்தத் தகவலில் முகவரி இருக்காது. கருக்குழாயில் தப்பாக ஒட்டிய கருவும் ஹெச்.சி.ஜி. அனுப்பும், ஓவரியும் நம்பி வேலை செய்யும், நாளும் தள்ளும், கார்டிலும் இரண்டு கோடு வரும். கருப்பைக்குள் நன்றாக வளர்கிற கர்ப்பத்தில் இந்த எண் ஆரம்ப நாட்களில் 48 மணி நேரத்துக்குக் குறைந்தது பாதி மடங்காவது கூடும், பெரும்பாலும் இரட்டிப்பை ஒட்டி வரும். குழாயில் உள்ளது பல நேரம் மெதுவாக ஊர்ந்து ஏறும், சில நேரம் நல்லது மாதிரியே ஏறி ஏமாற்றவும் செய்யும். எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்று சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும். பாசிட்டிவ் வந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு என்று எது இருந்தாலும் என்னிடம் மறுபடி டெஸ்ட் எடுக்க வரவேண்டாம், ராத்திரி என்றாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்தில் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கோ நேரே போங்கள்.